நடக்காதவை எங்கே போகின்றன?

குவாண்டம் இயற்பியலில் எல்லாரும் மண்டையை உடைத்துக்கொள்ளும் இடம் ஒன்று உண்டு. கணக்குப் போட்டால் எலெக்ட்ரான் இங்கேயும் இருக்கலாம், அங்கேயும் இருக்கலாம் என்று வருகிறது. கருவி வைத்துப் பார்த்தால் ஒரே இடத்தில்தான் அகப்படுகிறது. சரி, மிச்ச "இருக்கலாம்"கள் எல்லாம் என்ன ஆயின?

ஹைசன்பர்க் இதற்கு அரிஸ்டாட்டிலைத் துணைக்குக் கூப்பிட்டார். 1958ல் வந்த 'இயற்பியலும் தத்துவமும்' புத்தகத்தில், அணு உலகத்தில் இருப்பவை நாம் நினைக்கிற மாதிரிப் பொருட்கள் அல்ல, வாய்ப்புகள் என்கிற ரீதியில் எழுதினார். இருப்புக்கும் இன்மைக்கும் நடுவில் ஒரு திண்ணை மாதிரி. அளக்கும்போது ஒன்று வீட்டுக்குள் வரும். மற்றவை தெருவோடு போய்விடும். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் கதவைத் திறப்பது யார்? ஷ்ரோடிங்கர் சமன்பாட்டில் கதவே கிடையாது. அது பாட்டுக்கு எல்லா வாய்ப்புகளையும் இழுத்துக்கொண்டு போகிறது. 'அளந்ததும் ஒன்றாகச் சுருங்கிவிடும்' என்பது வெளியிலிருந்து ஒட்டவைத்த விதி.

இந்த ஒட்டுவேலையை ஹைசன்பர்க் புத்தகத்துக்கு முன்னாடியே பிடித்துக்கொண்டவர் ஹ்யூ எவரெட். பிரின்ஸ்டனில் ஜான் வீலரின் மாணவர், வயது 25. 1956ல் 137 பக்கத்துக்கு எழுதினார். சாரம் இவ்வளவுதான்: ஒட்டவைத்ததைக் கிழித்துப் போடு, சமன்பாட்டை அப்படியே நம்பு. நம்பினால் அளக்கிற ஆளும் சமன்பாட்டுக்குள் வந்துவிடுகிறார். எலெக்ட்ரானை இங்கே பார்த்த நீங்கள் ஒருவர், அங்கே பார்த்த நீங்கள் இன்னொருவர். இரண்டு பேரும் நிஜம். சந்திக்கத்தான் முடியாது. திண்ணையே இல்லை, எல்லாரும் வீட்டுக்குள்!

வீலர் அதே வருஷம் கோபன்ஹேகன் போய் நீல்ஸ் போரிடம் எடுத்துச் சொன்னார். அங்கே யாரும் மசியவில்லை. ஆய்வேடு ஏறக்குறைய கால்வாசியாக வெட்டப்பட்டு 1957ல் வெளியானது. அதற்குள் எவரெட் பென்டகனில் வேலைக்குச் சேர்ந்துவிட்டார். 1970ல் பிரைஸ் டிவிட் ஒரு கட்டுரை எழுதிய பிறகுதான் விஷயம் வெளியே பரவியது.

என்னை உறுத்துவது இந்தப் பென்டகன் சமாச்சாரம். அணு யுத்தம் வந்தால் கதிரியக்கத் தூசியால் எத்தனை பேர் சாவார்கள் என்று கணக்குப் போட்டார் மனுஷர். சக ஊழியருடன் சேர்ந்து 1959ல் அச்சிட்ட அந்தக் கணக்கை லைனஸ் பாலிங் தன் நோபல் அமைதிப் பரிசு உரையில் எடுத்துக்காட்டினார்.

இப்போது யோசித்துப் பாருங்கள். சமன்பாடு அனுமதிப்பதெல்லாம் ஏதோ ஒரு கிளையில் நடக்கிறது என்றால், அந்த யுத்தமும் எங்கேயோ நடந்திருக்கும். அப்புறம் தடுக்க என்ன இருக்கிறது? கிளைகளுக்கு எடை வேறுவேறு, கனமான கிளையில் பிழைத்தால் அது பெரிய விஷயம் என்பார்கள் எவரெட் கட்சிக்காரர்கள். எல்லாமே நடக்கிறபோது 'எடை' என்றால் என்னங்க? 1999ல் டேவிட் டாய்ச், புத்தியுள்ளவன் பந்தயம் கட்டும் முறையை வைத்தே இந்த எடைக்கு அர்த்தம் சொல்லிப் பார்த்தார். சண்டை தீரவில்லை. எனக்கும் அது பந்தயத்துக்குச் சரி, செத்தவர்களுக்கு என்ன பதில் என்றுதான் தோன்றுகிறது. 'நல்லவேளை, நடக்கவில்லை' என்று மூச்சு விட ஹைசன்பர்க்கின் குழப்பமான திண்ணையில்தான் இடமிருக்கிறது.

எவரெட் 1982ல், 51 வயதில் மாரடைப்பால் இறந்தார். தன் சாம்பலைக் குப்பையில் போடச் சொல்லியிருந்தார். சில வருஷம் கழித்து மனைவி அப்படியே செய்தார். ஈல்ஸ் ராக் குழுவின் பாடகரான மகன் மார்க், 2007ல் ஒரு பிபிசி ஆவணப்படத்துக்காக இயற்பியலாளர்களைத் தேடிப் போய், அப்பா என்னதான் சொன்னார் என்று கேட்டுத் தெரிந்துகொண்டார்.