சவ்வு இணைவு (வைரஸ்)

உறையுள்ள வைரஸ்கள் தம் கொழுப்பு உறையை ஓம்புயிர்ச் செல்லின் சவ்வோடு ஒன்றாக்கி, மரபுப்பொருளை உள்ளே செலுத்தும் நிகழ்வு சவ்வு இணைவு எனப்படும். இரு சவ்வுகளையும் நெருங்கவிடாமல் இடையிலுள்ள நீர் தடுக்கும். அதை விலக்கும் ஆற்றல் வைரஸின் உறையிலுள்ள இணைவுப் புரதத்தின் வடிவமாற்றத்திலிருந்து கிடைக்கிறது.

இணைவுப் புரதங்களுள் மிக விரிவாக ஆராயப்பட்டது இன்ஃபுளுவென்சா வைரஸின் ஹீமக்ளூட்டினின். மூன்று ஒத்த அலகுகள் சேர்ந்த இந்த முள், செல்பரப்பிலுள்ள சியாலிக் அமிலத்தைப் பற்றுகிறது. செல்லோ வைரஸைத் தானே ஒரு பைக்குள் விழுங்கிக்கொள்கிறது! பையின் பிஹெச் 5-ஐ ஒட்டி இறங்கியதும், புரதத்துக்குள் மறைந்திருந்த நீர்வெறுக்கும் முனை வெளிப்பட்டுப் பையின் சவ்வில் செருகிக்கொள்கிறது. பிறகு புரதம் கொண்டை ஊசிபோல் மடங்கி, இரு சவ்வுகளையும் அருகருகே இழுக்கிறது. முதலில் தொட்டுக்கொள்ளும் அடுக்குகள் மட்டும் கலக்கும். அடுத்து ஒரு துளை திறக்கும். அது விரிய, 8 ஆர்.என்.ஏ. துண்டுகளும் செல்லுக்குள் இறங்கும். நாணேற்றிய வில் போன்ற இவ்வமைப்பு ஒருமுறைதான் பயன்படும். எதிரே சவ்வு இல்லாதபோது அமிலம் பட்டால் முள் வீணாகிவிடும்.

எச்.ஐ.வி.க்கு அமிலம் தேவையில்லை. சிடி4 ஏற்பியையும் துணை ஏற்பியையும் பற்றினால் போதும். அதன் இணைவுப் புரதமான ஜிபி41 மடங்குவதைத் தடுக்கும் என்ஃபுவிர்டைட் மருந்துக்கு 2003-இல் அமெரிக்காவில் ஒப்புதல் கிடைத்தது.