பனிக்கால வயல்வேலை: கை, கால் வெடிப்பைத் தடுப்பது எப்படி?

மார்கழி, தை மாதங்களில் அதிகாலைப் பனி, பகல் வெயில், வறண்ட காற்று எல்லாம் சேர்ந்து தோலின் ஈரத்தையும் எண்ணெய்ப் பசையையும் குறைத்துவிடும். கை சொரசொரப்பாகும், குதிகால் வெடிக்கும். இதை அழகு சம்பந்தப்பட்டது என்று விட்டுவிடாதீர்கள். ஆழமான வெடிப்பு ஒரு திறந்த காயம். பூச்சிமருந்தும் கிருமிகளும் அதன் வழியாக எளிதில் உடலுக்குள் செல்லும்.

வறட்சியை அதிகப்படுத்துபவை

• துணி சோப்பு, சலவைத்தூள் போட்டுக் கை கால் கழுவுவது
• கொதிக்கக் கொதிக்க வெந்நீரில் குளிப்பது
• யூரியா, பொட்டாஷ் உரங்களை வெறுங்கையால் கலந்து வீசுவது
• வெறுங்காலுடன் நடப்பது

தினமும் செய்ய வேண்டியவை

வேலை முடிந்ததும் குளியல் சோப்பால் கழுவி, விரல் இடுக்குகளை நன்கு துடைக்கவும். கை, குதிகாலில் லேசான ஈரம் இருக்கும்போதே தேங்காய் எண்ணெய் அல்லது வாசலின் தடவவும். எண்ணெய் தானாக ஈரத்தைத் தராது. இருக்கும் ஈரம் ஆவியாகாமல் தடுக்கும். அதனால் காய்ந்த தோலில் தடவுவதைவிட இது நல்ல பலன் தரும். விரல் இடுக்கில் மட்டும் தடவ வேண்டாம். அங்கே ஈரம் தங்கினால் சேற்றுப்புண் வரும்.

குதிகால் வெடிப்புக்கு இரவில் 10 நிமிடம் வெதுவெதுப்பான நீரில் காலை வைத்து, மெதுவாகத் தேய்த்துக் கழுவி, வாசலின் தடவிப் பருத்திக் காலுறை போட்டுத் தூங்கவும். பிளேடால் சீவக் கூடாது. மருந்துக்கடையில் யூரியா கலந்த களிம்பும் கிடைக்கும். அது தோலுக்கென்றே தயாரிக்கப்பட்டது. வயலுக்குப் போடும் யூரியாவை எண்ணெயில் குழைத்துத் தடவாதீர்கள்.

மருந்து தெளிக்கும்போது

கையில் எண்ணெய் தடவியிருப்பது பாதுகாப்பு ஆகாது. ரப்பர் கையுறையும், கால் மூடும் பூட்ஸும் கட்டாயம். வெடிப்பில் ரத்தம் கசிந்தால், ஆறும் வரை தெளிக்கும் வேலையை வேறு ஒருவரிடம் கொடுங்கள்.

எப்போது மருத்துவரிடம் போக வேண்டும்?

வெடிப்பில் சீழ், வீக்கம், சிவப்பு, காய்ச்சல் இருந்தால் தாமதிக்காதீர்கள். மண், சாணம் பட்ட காயமானால் டெட்டனஸ் தடுப்பூசி தேவையா என்று கேளுங்கள். சர்க்கரை நோய் உள்ளவர்களுக்குக் காலில் உணர்ச்சி குறைந்திருக்கலாம். வலி தெரியாமலே புண் பெரிதாகிவிடும். அவர்கள் காலை நீரில் ஊற வைக்க வேண்டாம். தினமும் உள்ளங்காலைப் பார்ப்பதும், குனிய முடியாவிட்டால் வீட்டாரைப் பார்க்கச் சொல்வதும் அவசியம்.