தவிடு (மீன் தீவனம்)

தவிடு என்பது உமி நீங்கிய அரிசியைத் தீட்டும்போது உதிரும் புறப்படலமாகும். காவிரிப் படுகையில் கட்லா, ரோகு, மிர்கால் ஆகிய கெண்டையினங்கள் வளரும் குளங்களில், குளத்து இயற்கை உணவுக்குத் துணையான மேலுணவாக, இது கடலைப் பிண்ணாக்குடன் கலந்து இடப்படுகிறது.

மீன் வளர்ப்புச் செலவில் பெரும்பகுதி தீவனத்துக்கே போவதால், மூட்டை விலையைவிடப் புரதத்தின் விலையே கணக்கில் கொள்ளத்தக்கது: தவிட்டில் புரதம் ஏறத்தாழ 12 முதல் 14 விழுக்காடு, கடலைப் பிண்ணாக்கில் 40 விழுக்காட்டுக்கு மேல், எனவே தவிடு மலிவான ஆற்றலையும் பிண்ணாக்கு விலையுயர்ந்த புரதத்தையும் தருகின்றன.

பச்சரிசித் தவிட்டில் லைப்பேஸ் என்னும் கொழுப்பைச் சிதைக்கும் நொதி, ஆலையிலிருந்து வெளிவந்த சில மணி நேரத்திலேயே காறல் வாடையை உண்டாக்கத் தொடங்குகிறது. நெல்லை அவிக்கையில் அந்நொதி செயலிழப்பதால், டெல்டாவின் புழுங்கல் அரிசி ஆலைத் தவிடு கூடுதல் நாள் கெடாமல் நிற்பதுடன் எண்ணெய்ச் சத்தும் மிக்கது. அந்த எண்ணெயே தவிட்டு எண்ணெய் ஆலைகளை மீன் வளர்ப்போருக்குப் போட்டியாக்குகிறது. விரலிடையே தேய்த்தால் சொரசொரக்கும் தவிட்டில் உமித்தூள் கலந்திருக்கும். மணற்சத்து மிகுந்த உமி மீனுக்குச் செரிக்காது என்பதால், மலிவாகத் தோன்றும் அத்தகைய மூட்டை உண்மையில் நட்டமே.

எண்ணெய் நீக்கிய தவிடு கால்நடை, கோழித் தீவனங்களுக்கும் தேவைப்படுவதால், உள்நாட்டுத் தீவன விலையேற்றத்தைத் தணிக்க அதன் ஏற்றுமதிக்கு இந்திய அரசு 2023 ஜூலையில் தடை விதித்தது.