உயிரணுக்கள் விடும் தூது



திருவண்ணாமலையில் கார்த்திகைத் தீபத்தன்று அந்தி வேளையில் அர்த்தநாரீசுவரர் எழுந்தருளுகிறார். கோயிலில் தீபம் ஏற்றப்படுகிறது. அவ்வேளையிலேயே 2,668 அடி உயரமுள்ள மலையின் உச்சியில் மகாதீபம் சுடர்விடுகிறது. அச்சுடரைக் கண்ட பின்னர் வீடுதோறும் அகல்கள் ஒளிர்கின்றன. ஒரு குறிப்பு மற்றொரு குறிப்பைப் பிறப்பிக்க, ஒன்று பலவாகப் பெருகுகிறது. நம் உடலிலுள்ள உயிரணுக்களும் ஏறக்குறைய இம்முறையிலேயே ஒன்றோடொன்று பேசிக்கொள்கின்றன. சுடருக்குப் பதிலாக அவை ரசாயனப் பொருள்களைத் தூதாக விடுகின்றன.

அத்தூதைப் பொய்யாக்கி மனிதனைக் கொல்லும் நோய் ஒன்று உண்டு. அதுவே காலரா என்னும் வாந்திபேதி. மக்கள் பெருந்திரளாகக் கூடி ஒரே நீர்நிலையைப் பயன்படுத்திய யாத்திரைத் தலங்கள் அந்நோயைக் கண்டு நடுங்கின. 1939-ஆம் ஆண்டின் சென்னைப் பொதுச் சுகாதாரச் சட்டத்தில் திருவிழாக்களுக்கென ஒரு தனி அத்தியாயமே வகுக்கப்பட்டது. அந்நோயின் மர்மம் துலங்கிய வரலாற்றை இன்று கூற விரும்புகிறேன்.

முதலில் தூது என்பது யாது எனக் காண்போம். 1902-ஆம் ஆண்டு லண்டனில் பேலிஸ், ஸ்டார்லிங் என்னும் இரு அறிஞர்கள் ஒரு சோதனை செய்தனர். இரைப்பையிலிருந்து அமிலம் கலந்த உணவு சிறுகுடலை அடைந்ததும், கணையம் காரத்தன்மையுள்ள நீரைச் சுரந்து அவ்வமிலத்தைத் தணிக்கிறது. கணையத்துக்கு இச்செய்தியைச் சொல்வது யார்? நரம்புகளே என்று பலர் கருதினர். அவ்விருவரும் குடலின் ஒரு பகுதிக்குச் செல்லும் நரம்புகளை அறுத்துவிட்டு, அப்பகுதியில் அமிலத்தைச் செலுத்தினர். அப்பொழுதும் கணையம் சுரந்தது. குடலின் உயிரணுக்கள் ஒரு ரசாயனப் பொருளை இரத்தத்தில் விடுகின்றன என்பது தெளிவாயிற்று. அதற்கு ‘செக்ரட்டின்’ என்று பெயரிட்டனர். இத்தகைய தூதுப் பொருள்களுக்கு ‘ஹார்மோன்’ என்னும் பொதுப்பெயர் 1905-இல் வழங்கலாயிற்று.

அமிலமும் காரமும் ஒன்றையொன்று தணிப்பதை நீங்கள் வீட்டிலேயே காணலாம். சமையல் சோடாவின்மேல் எலுமிச்சைச் சாற்றைப் பிழிந்தால் பொங்கி நுரைக்கிறது. சோடாவிலுள்ள பைகார்பனேட், அமிலத்தோடு கூடி நீரையும் கரியமில வாயுவையும் உண்டாக்குகிறது. நம் இரத்தத்திலும் இதே பைகார்பனேட் காவல் புரிகிறது. அமில, கார அளவைக் குறிக்கும் பி.எச். அளவுகோலில் 7 என்பது நடுநிலை. அதற்குக் கீழே அமிலம், மேலே காரம். ஒரு படி இறங்கினால் அமிலத்தன்மை பத்து மடங்கு மிகும். இரத்தத்தின் அளவு 7.4-ஐ ஒட்டியே நிற்க வேண்டும். சிறிது பிறழ்ந்தாலும் உயிருக்கு ஆபத்து.

1831-ஆம் ஆண்டு இங்கிலாந்தில் காலரா பரவியபோது ஓஷாநெசி என்னும் இளம் மருத்துவர் நோயாளிகளின் இரத்தத்தை ஆராய்ந்தார். நீரும் உப்பும் காரமும் அதில் குறைந்திருக்கக் கண்டார். பின்னர் அவர் இந்தியாவுக்கு வந்து கல்கத்தா மருத்துவக் கல்லூரியில் ரசாயனம் கற்பித்தார். 1884-இல் ராபர்ட் கோக் அதே கல்கத்தாவில் காலராக் கிருமியைப் பிரித்தெடுத்தார். கிருமி கிடைத்துவிட்டது, ஆனால் குடலுக்குள்ளேயே தங்கும் அக்கிருமி உடலின் நீரையெல்லாம் எவ்வாறு வெளியேற்றுகிறது என்பது விளங்கவில்லை.

அதற்கு விடை கிடைக்க எழுபத்தைந்து ஆண்டுகள் சென்றன. விடை கண்டவர் கல்கத்தாவின் சம்பு நாத் டே. அவர் முயலின் சிறுகுடலில் ஒரு பகுதியை இரு முனைகளிலும் கட்டி, அதனுள் காலராக் கிருமியைச் செலுத்தினார். அப்பகுதி நீர் நிறைந்து உப்பியது. இதனை 1953-இல் வெளியிட்டார். பின்னர், கிருமிகளை முற்றும் வடிகட்டி நீக்கிய திரவத்தை மட்டும் செலுத்திப் பார்த்தார். அப்பொழுதும் குடல் உப்பியது. கிருமி சுரக்கும் நச்சே குற்றவாளி என்பது 1959-இல் நிலைநாட்டப்பட்டது. அப்பொழுது அவர் பணியாற்றியது ஓஷாநெசி கற்பித்த அதே கல்லூரியில்.

அந்நச்சு செய்வது என்ன? வெளியிலிருந்து வரும் தூது உயிரணுவின் வாயிலை அடைந்ததும், உள்ளே ‘சைக்ளிக் ஏ.எம்.பி.’ என்னும் இரண்டாம் தூதுவன் பிறக்கிறான். இவனைக் கண்டறிந்தமையோடு கூடிய ஆய்வுக்காக சதர்லாண்டு 1971-இல் நோபெல் பரிசு பெற்றார். வழக்கமாக வேலை முடிந்ததும் இத்தூது அடங்கிவிடும். காலரா நச்சோ, தூதை அடக்கும் விசையையே முடக்கிவிடுகிறது. மலைமீது ஏற்றிய தீபத்தை அணையவொட்டாமல் ஒருவன் ஓயாது நெய் வார்ப்பது போன்ற நிலை அது. குடலின் உயிரணுக்கள் இல்லாத ஆணைக்குப் பணிந்து உப்பையும் பைகார்பனேட்டையும் இடைவிடாது வெளியே தள்ள, நீரும் உடன் செல்கிறது. கடுமையான நோயில் மணிக்கு ஒரு லிட்டர் வரை இழப்பு நேரும். காவலனான பைகார்பனேட்டை இழந்த இரத்தம் அமிலத்தின் பக்கம் சாய்கிறது. ஓஷாநெசி கண்ட காரக் குறைவின் காரணம் இதுவே.

ஆனால் நச்சினால் கெடாத வழி ஒன்று குடலில் எஞ்சியிருந்தது. குளுகோஸ் உயிரணுவுக்குள் நுழையும்போது உப்பிலுள்ள சோடியத்தையும் உடன் அழைத்துச் செல்லும் என்பதை 1960-இல் ராபர்ட் கிரேன் எடுத்துரைத்தார். 1971-இல் வங்கதேசப் போரின்போது பாங்கான் அகதி முகாமில் காலரா தலைவிரித்தாடியது. நரம்பில் ஏற்றும் உப்புநீர் தீர்ந்துபோகவே, மருத்துவர் திலீப் மஹலநாபிஸ் குளுகோஸ், சமையல் உப்பு, சமையல் சோடா ஆகியவற்றை நீரில் கரைத்துக் குடிக்கக் கொடுக்கச் செய்தார். நூற்றுக்கு முப்பது என்றிருந்த மரணம் நான்குக்கும் கீழே இறங்கியது.

டேக்கு நோபெல் பரிசு கிட்டவில்லை. 1978-இல் நோபெல் அமைப்பு நடத்திய ஓர் அறிஞர் கூட்டத்துக்கு அழைக்கப்பட்ட அவர், 1985-இல் காலமானார். அவருடைய ஆய்வுக்குப் பெரிய கருவிகள் தேவைப்படவில்லை; நச்சின் செயலைக் குடலிலேயே தேட வேண்டும் என்னும் தெளிவு தேவைப்பட்டது.

இன்று வாய்வழி நீரேற்றுப் பொட்டலம் மருந்துக் கடைகளில் எளிதாகக் கிடைக்கிறது. உலகச் சுகாதார நிறுவனத்தின் விதிப்படி, ஒரு லிட்டர் நீருக்கு குளுகோஸ் 13.5 கிராம், உப்பு 2.6 கிராம், பொட்டாசியம் குளோரைடு 1.5 கிராம், சிட்ரேட் 2.9 கிராம். சோடாவின் இடத்தைப் பெற்ற சிட்ரேட் உடலுக்குள் பைகார்பனேட்டாக மாறுகிறது. அப்பொட்டலம் உங்கள் கைக்கு வரும்போது, அந்நான்கு பெயர்களையும் படித்து, ஒவ்வொன்றும் அங்கே ஏன் இருக்கிறது என்று உங்கள் தம்பி தங்கையருக்குச் சொல்லிக் கொடுங்கள்.