ஓலையும் குடும்ப அட்டையும்: கீரிப்பாறை மாணவர்க்கு உரிமை வரலாறு

நாகர்கோவிலில் பேருந்து ஏறினால் பூதப்பாண்டி, அழகியபாண்டியபுரம், தடிக்காரன்கோணம் கடந்து கீரிப்பாறை. மனித உரிமைப் போராட்டங்களை மாணவர்க்குக் கற்பிக்க நினைக்கும் ஆசிரியருக்கு இந்த ஒரு தடமே போதும். பூதப்பாண்டி, ஜீவானந்தம் பிறந்த ஊர். அழகியபாண்டியபுரம் பெரியவீட்டு முதலியார் குடும்பத்து ஓலைகளைக் கவிமணி தேசிக விநாயகம் பிள்ளை தேடிப்போய்ப் படித்தார். நிலக் கணக்குக்கும் நீர்ப்பங்குக்கும் நடுவே மனிதரை விலை பேசிய முறிகளும் (விற்பனைப் பத்திரங்கள்) அவற்றில் உண்டு. சாலை ஏறி முடியும் இடத்தில் அரசு ரப்பர் தோட்டமும், அதற்கப்பால் காணிக்காரப் பழங்குடியினரின் குடியிருப்புகளும் வந்துவிடுகின்றன.

ஆனாலும் சிவில் உரிமை என்றதும் நம் வகுப்பறைகள் நேரே அலபாமாவுக்குப் போய்விடுகின்றன. 1955 டிசம்பரில் மாண்ட்கோமரிப் பேருந்தில் ரோசா பார்க்ஸ் எழ மறுத்ததைப் பிள்ளைகள் தெரிந்துகொள்ளத்தான் வேண்டும். ஆனால் அதை ஆய்வுப் பணியாகக் கொடுத்தால் கைப்பேசியில் தேடி, படத்தை வெட்டி ஒட்டி, மறுநாளே கொண்டுவந்து வைத்துவிடுவார்கள். படியெடுக்க ஆயத்த விடை கிடைக்காத கேள்வியைக் கையில் கொடுத்தால்தான் ஆய்வு தொடங்கும்.

நாடார் பெண்களின் மேலாடை உரிமைக்காக எழுந்த தோள்சீலைக் கலகத்தையே எடுத்துக்கொள்வோம். திருவிதாங்கூரில் பிரிட்டிஷ் ரெசிடென்டாக இருந்த கர்னல் மன்றோ காலத்து அனுமதி, 1829 அரச விளம்பரம், 1859 ஜூலை 26 விளம்பரம் ஆகிய மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படிக்கச் சொல்லலாம். 1829இல் கிறிஸ்தவ நாடார் பெண்கள் குப்பாயம் என்ற சட்டை அணியலாம், மேல்சாதிப் பெண்கள் போல மேல்சீலை இடக்கூடாது என்றது அரசு. முப்பது ஆண்டு கழித்து, வீடுகளும் பள்ளிகளும் எரிந்து, சென்னை ஆளுநர் டிரெவெலியன் நெருக்கிய பிறகு வந்த விளம்பரம் எல்லா மத நாடார் பெண்களுக்கும் குப்பாயத்தை அனுமதித்தது. முக்குவப் பெண்கள் போல முரட்டுத் துணி சுற்றிக்கொள்ளலாம், வேறு எப்படியும் மார்பை மறைக்கலாம் என்றது. அங்கேயும் ஒரு வால் ஒட்டியிருக்கிறது: மேல்சாதிப் பெண்கள் உடுத்தும் விதத்தில் மட்டும் கூடாது. இந்தக் கடைசி நிபந்தனையைப் பெரும்பாலான மேடைப் பேச்சுகள் விட்டுவிடும். அதைக் கண்டுபிடிக்கும் மாணவி, சலுகைக்கும் சமத்துவத்துக்கும் உள்ள தூரத்தைத் தானே அளந்துவிடுவாள். ஒரே விஷயத்துக்கு இத்தனை உத்தரவு ஏன் என்ற அடுத்த கேள்வியும் தானாக வரும். முந்தைய உத்தரவை ஊர் மதித்திருந்தால் பிந்தையதற்கு வேலை இருந்திருக்காதே.

விழா மலர்க் கட்டுரைகளை (இதையும் சேர்த்துத்தான்) சான்றாக எடுத்துக்கொள்ள வேண்டாம் என்று பிள்ளைகளிடம் சொல்லிவிடுவது நல்லது. ஒரு மலரில் வந்த பிழை பத்து மலரில் ஏறிவிடுவது நம் மாவட்டத்தில் வழக்கம்.

சான்றுக்கு மூல ஆவணத்துக்கே போகலாம். முதலியார் ஓலைகளின் பெயர்த்தெழுதிய பாடம் அச்சில் கிடைக்கிறது. ஓர் அடிமை முறியைப் பலகையில் எழுதி, விற்றவர் பெயர், வாங்கியவர் பெயர், விலை, சாட்சி என்று பிரித்துக் காட்டலாம். பிறகு, விற்கப்பட்டவர் என்ன சொன்னார் என்று கேட்க வேண்டும். ஓலையில் அது இருக்காது. திருவிதாங்கூர் 1855இல்தான் அடிமை முறையை முற்றாக ஒழித்தது. சாதிப் பெயர்கள் வருகின்றனவே என்று ஆசிரியர்கள் கூசுவது எனக்குப் புரிகிறது. ஆவணத்தில் உள்ள பெயரை மறைக்கக்கூடாது. எதிரே உட்கார்ந்திருக்கும் பிள்ளையின் சாதியைக் கேட்கவும் கூடாது. இந்த இரண்டையும் சேர்த்துக் காப்பது கடினம். கடினம் என்று கருதி ஒதுக்கினால் என்ன ஆகும் என்பதற்கு, தோள்சீலை வரலாறு இடம்பெற்ற ஒன்பதாம் வகுப்பு என்.சி.இ.ஆர்.டி. பாடமே சாட்சி. அந்த அத்தியாயம் 2019இல் புத்தகத்திலிருந்தே போய்விட்டது.

கீரிப்பாறைக்கே உரிய ஆவணம், இலங்கையிலிருந்து வந்தோர் வீட்டு டிரங்குப் பெட்டிகளில் இருக்கிறது. இலங்கையின் 1948 குடியுரிமைச் சட்டம் அங்குள்ள மலையகத் தமிழரை நாடற்றவராக்கியது. 1964 அக்டோபரில் சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் என்று பங்குபோட்டது. மீதி ஒன்றரை லட்சம் பேரின் கதி 1974 வரை தீரவில்லை. தலைமன்னாரில் கப்பலேறி மண்டபம் முகாம் வழியாக வந்தவர்களில் ஒரு பகுதியினருக்குக் குமரி மாவட்டத்து அரசு ரப்பர் தோட்டங்களில் பால்வெட்டு வேலை கிடைத்தது. அப்பாயியின் பாஸ்போர்ட்டையும் குடும்ப அட்டையையும் பார்க்கும் பேரன் என்னென்ன குறித்துக்கொள்ளலாம்? பிறந்த இடம், தோட்டத்தின் பெயர், வந்திறங்கிய தேதி, புகைப்படத்தில் அப்போதைய வயது. உங்களிடம் யாராவது விருப்பம் கேட்டார்களா என்ற ஒரு கேள்வியையும் அவன் அப்பாயியிடம் கேட்கலாம்.

இதெல்லாம் ஆன பின் அலபாமாவுக்குப் போகலாம். மார்ட்டின் லூதர் கிங் 1959இல் நம் கன்னியாகுமரிக்கே வந்தார்; தோள்சீலை விளம்பரத்துக்கு ஏறக்குறைய நூறாண்டு கழித்து. அந்தப் பயணத்தில் திருவனந்தபுரத்துப் பள்ளியொன்றில் தம்மை அமெரிக்காவின் தீண்டப்படாதவர் என்று அறிமுகம் செய்தார்கள் என்றும், முதலில் அதிர்ந்து பிறகு அதை ஒப்புக்கொண்டதாகவும் 1965இல் ஆற்றிய உரையில் அவரே சொன்னார். சுசீந்திரம் தெருக்களில் 1926இல் நடந்த சத்தியாகிரகத்தையும் 1936 நவம்பர் 12 ஆலயப் பிரவேச விளம்பரத்தையும் படித்த மாணவனுக்கு அந்த அதிர்ச்சி விளங்கும்.

காணிக்காரர் குடியிருப்புக்குப் போகும் மாணவர்களுக்கு ஒரு பயிற்சி தனியாகத் தேவை. 2006 வன உரிமைச் சட்டத்தின்படி உரிமை கோரும்போது, மனு செய்தவரல்லாத மூத்தவர்கள் சொல்வதை எழுத்தில் பதிந்தால் அதுவும் சான்றாக ஏற்கப்படும். எனவே குடியிருப்பின் தலைவரான மூட்டுக்காணி சொல்வதைப் பள்ளித் தமிழுக்கு மாற்றாமல் அவர் வாய்ச்சொல்லாகவே எழுத வேண்டும். எழுதியதை அவருக்கே வாசித்துக் காட்டி, அவர் திருத்தும் இடத்தைத் திருத்தி, நாளும் இடமும் குறித்து, ஒரு படியை அவரிடமே கொடுத்துவிட்டு மலையிறங்க வேண்டும்.