கருவறைக்கு யார் காவல்?

காஞ்சி கோயில் நகரம். அதன் அண்டை ஊர் வாலாஜாபாத். கருவறை என்றதும் இந்த வட்டாரத்து மக்களின் கண்முன் நிற்பது கற்சிலையும் கற்பூரமும்தான். அதற்குள் யார் நுழையலாம், யார் நுழையலாகாது என்று ஆகமம் பேசுவோர் அநேகர். ஆனால், உயிருள்ள கருவறை ஒன்று பெண்ணின் வயிற்றிலே இருக்கிறதே, அதற்கு உரிமையாளர் யார்? அவளா? அவள் கணவனா? அரசா? ஆண்டவனா?

நூல் இழைத்து, பாவு போட்டு, தறிக்கும் அடுப்புக்கும் இடையே ஓடி ஓடித் தேயும் நெசவாளி வீட்டுப் பெண்ணிடம் இக்கேள்வியை எவரும் கேட்டதில்லை. பிள்ளை வரம் கேட்கக் கோயிலுக்குப் போ என்றனர். போதும் என்று அவள் சொன்னால், பாவம் என்றது சாத்திரம். குற்றம் என்றது சட்டம்.

ஆம், குற்றம்! 1860-ல் வெள்ளையர் இயற்றிய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 312-ஆம் பிரிவு, கருவைக் கலைத்தவருக்கு மட்டுமல்ல, கலைத்துக்கொண்ட பெண்ணுக்கும் சிறை என்றது. அவள் உயிரைக் காக்க வேண்டியிருந்தாலன்றி விலக்கில்லை. விளைவு? கரு கலைவது நிற்கவில்லை; அது இருட்டுக்குள் ஒளிந்தது. மருந்தென்று தந்ததை விழுங்கியும், குச்சியைச் செருகியும் மாண்ட மாதர் எத்தனை பேர்!

வாலாஜாபாத்தில் ரயிலேறினால் பாலாற்றை ஒட்டியே செங்கல்பட்டுக்குப் போய்விடலாம். 1929 பிப்ரவரியில் அங்கேதான் முதலாவது சுயமரியாதை மாகாண மாநாடு கூடிற்று. பெண்ணுக்குச் சொத்துரிமை, மணவிலக்கு உரிமை என்று முழங்கிற்று. மறு ஆண்டு ‘குடி அரசு’ ஏட்டில் பெரியார் கர்ப்பத்தடையை ஆதரித்து எழுதினார். பெண்ணின் உடல்நலம் கருதியும் நாட்டின் வறுமை கருதியும் அதை ஆதரித்தவர் பிறர். பெண்ணின் விடுதலை கருதி ஆதரித்தவர் அவர். இந்த வேற்றுமையை நினைவில் வையுங்கள், தோழர்களே! பின்னே வந்த வரலாறு முழுதும் இதைச் சுற்றியே சுழல்கிறது.

1964-ல் அமைந்த சாந்திலால் ஷா குழு 1966-ல் அறிக்கை தந்தது. 1971-ல் மருத்துவக் கருக்கலைப்புச் சட்டம் பிறந்தது. மறு ஆண்டு ஏப்ரல் முதல் நாள் நடைமுறைக்கு வந்தது. நல்ல சட்டம்தான், பல உயிர்களைக் காத்தது. எனினும் அது தந்தது சலுகை, உரிமையன்று. முடிவு சொல்பவர் மருத்துவர். கருத்தடை பொய்த்துக் கரு உண்டானால் கலைக்கலாம் என்ற வாசகத்திலும் ‘மணமான பெண்’ என்றே எழுதினர். தாலி இருந்தால்தான் தயவு!

சலுகை உரிமையானது எவ்வாறு? அந்தரங்கம் என்ற வாசல் வழியாக. 1962-ல் கரக்சிங் வழக்கில், அரசியல் சட்டத்தில் அப்படியோர் உரிமை இல்லை என்றது உச்சநீதி மன்றம். நீதிபதி சுப்பாராவ் மாறுபட்டு எழுதினார். 1994-ல் நம் தமிழ்நாட்டு வழக்கொன்று வாசலைத் திறந்தது. தூக்குக் கைதி ஆட்டோ சங்கரின் தன்வரலாற்றை ‘நக்கீரன்’ வெளியிடலாமா என்பது வழக்கு. அத்தீர்ப்பில், அந்தரங்க உரிமை காக்கும் செய்திகளின் வரிசையிலே திருமணமும் தாய்மையும் மகப்பேறும் இடம்பெற்றன.

2009-ல் சண்டிகார் வழக்கு. அரசுக் காப்பகத்திலே கற்பழிக்கப்பட்ட, மனவளர்ச்சி குன்றிய ஆதரவற்ற பெண் ஒருத்தி. கருவைக் கலைக்க ஆணையிட்டது உயர்நீதி மன்றம். அவளோ பெற்றெடுக்க விரும்பினாள். அவள் இசைவின்றிக் கலைக்கலாகாது. பெறுவதும் பெறாதிருப்பதும் தனிமனித உரிமை என்றது உச்சநீதி மன்றம். 2017 ஆகஸ்டு 24-ல் புட்டசாமி வழக்கில் 9 நீதிபதிகள் ஒருமனதாக, அந்தரங்கம் அடிப்படை உரிமையே என்றனர்.

2022 ஜூனில் அமெரிக்கா 1973-ல் தந்த உரிமையைப் பறித்தது. அதே ஆண்டு செப்டம்பர் 29-ல் நம் உச்சநீதி மன்றம், மணமாகாத பெண்ணுக்கும் சம உரிமை உண்டென்றது. முன்னேறிய நாடு பின்னே நடந்தது. பின்தங்கிய நாடென்று ஏசப்பட்டது முன்னே நடந்தது! பெற்ற உரிமையும் பறிபோகும் என்ற பாடத்தை நாம் மறக்கலாமா?

போர் முடியவில்லை. தண்டனைச் சட்டத்தின் பெயர் 2024 ஜூலையில் மாறிற்று. பழைய 312, புதிய சட்டத்தில் 88 ஆயிற்று. எண் மாறியது, எண்ணம் மாறவில்லை! மருத்துவர் ஒப்பினால்தான் இன்றும் வழி.

என்றாலும் கையில் உள்ளதைப் பயன்படுத்துவோம். 18 வயது நிரம்பிய பெண்ணுக்கு அவள் இசைவு ஒன்றே போதும். கணவன் கையெழுத்தைச் சட்டம் கேட்கவில்லை. அவள் பெயரை வெளியிடுவது 2021 திருத்தத்தின்படி தண்டனைக்குரியது. தறிமேடையிலும் தெருத்திண்ணையிலும் இவ்விரண்டையும் எடுத்துச் சொல்லுங்கள், இளைஞர்களே! கல்லாலான கருவறைக்குக் காவல் நிற்க ஆயிரம் பேர் உண்டு. உயிருள்ள கருவறைக்கு உரியவள் ஒருத்தியே. அவள் சொல்லே அங்கே சட்டமாகட்டும்!