கிணற்றுக்குப் போகும் குழாய்

எண்ணூர் விரைவுச் சாலையில் டிரெய்லர்கள் வரிசைகட்டி நிற்பது விம்கோ நகர்க்காரர்களுக்குப் புதிதல்ல. பெரும்பாலும் கன்டெய்னர்கள்தாம். எப்போதாவது அவற்றுக்கு நடுவே நீளமான இரும்புக் கட்டு ஒன்று தென்படும். கறுப்பு வார்னிஷ் பூசிய, கைக்குள் அடங்காத பருமனுள்ள குழாய்கள். இரு முனையிலும் மூடி. உடம்பில் வெள்ளைப் பெயின்டில் ஒரு நீண்ட வரி, அடுத்த குழாயோடு இணைக்கும் ‘கப்ளிங்’ பக்கத்தில் சிவப்புப் பட்டை. தண்ணீர்க் குழாய் என்றுதான் யாரும் நினைப்பார்கள். ஆனால் தண்ணீர்க் குழாயின் மேல் யாரும் இவ்வளவு எழுதி வைப்பதில்லை.

அந்த வரியைப் படிக்கத் தெரிந்தவருக்கு அது எண்ணெய்க் கிணற்றுக்குள் இறங்கும் ‘ட்யூபிங்’. இரண்டே முக்கால் அங்குலத்துக்குச் சற்றுக் கூடுதலான, அதாவது 73 மி.மீ. வெளிவிட்டம், 5.51 மி.மீ. சுவர்; அடிக்கு ஆறரை பவுண்டு எடை; என்80 கிரேடு. சிவப்புப் பட்டை அந்தக் கிரேடைத்தான் சொல்கிறது. அடுத்து, எவ்வளவு அழுத்தத்தில் சோதித்தார்கள் என்பது. பெரும்பாலும் ஹீட் நம்பரும் இருக்கும். சோதனைத் தொழிலில் காலம் கழித்த என் கண் முதலில் போவது அந்த எண்ணுக்குத்தான். மற்றதெல்லாம் அளந்து பார்த்தால் தெரிந்துவிடும். இந்தக் குழாய் எந்த உலையில், எந்த வார்ப்பில் பிறந்தது என்பதை எந்த அளவுகோலும் சொல்லாது. எண் அழிந்தால் அந்தக் குழாய் அநாதைதான்.

ஒரே உலையில் ஒரே தடவை உருக்கிய எஃகுக்கு ஓர் எண். கொதிக்கும் வாளியிலிருந்து ஒரு கரண்டி எடுத்து, கார்பன், மாங்கனீசு, கந்தகம், பாஸ்பரஸ் எவ்வளவு என்று பார்த்துப் பதிந்துவிடுகிறார்கள். எஃகு உருண்டைக் கம்பமாக இறுகி, துண்டுகளாகி, 1,200 டிகிரி வெப்பத்தில் மறுபடி சிவந்து, சாய்வான இரண்டு உருளைகளுக்கு நடுவே சுழன்று போகிறது. எதிரே ஒரு கூர்முனை. சுழற்சியில் கம்பத்தின் நடுப்பகுதி தானாகவே இளகித் திறக்க, கூர்முனை அதைத் துளைத்துக் குழாயாக்குகிறது. 1885இல் ஜெர்மனியின் ரெம்ஷைட் ஊரில் மானஸ்மான் சகோதரர்கள் கண்டுபிடித்த வழி இது. இணைப்பே இல்லாததால் ‘சீம்லெஸ்’. இணைப்பு இல்லையென்றால் குறையும் இல்லை என்று சிலர் எண்ணிக்கொள்கிறார்கள். துளைக்கும்போது உள்சுவரில் மடிப்பு விழலாம், செதில் கிளம்பலாம், ஒரு பக்கம் தடித்து மறுபக்கம் மெலியலாம். குழாயின் வெளிப்புறத்தைத் தடவிப் பார்த்து உள்ளே இருப்பதைச் சொல்ல முடியாது.

பிறகு குழாயைச் சூடாக்கி ஆறவைத்து, தேவையானால் மறுபடி மிதமாகச் சூடேற்றிப் பதம் பார்க்கிறார்கள். இந்தப் பதம் சரிதானா என்று அறிய ஒரு துண்டை வெட்டி, இயந்திரத்தில் பூட்டி, அறும்வரை இழுக்க வேண்டும். என்80 என்றால் 552 மெகாபாஸ்கல் வரை நிரந்தரமாக நீளாமல் தாங்க வேண்டும். இது யாருக்கும் புரியும். இந்தக் கிரேடுக்கு மேல்வரம்பும் உண்டு, 758. அதைத் தாண்டினாலும் தள்ளுபடிதான். வலிமை கூடினால் நல்லதுதானே என்று புதிதாக வருகிற பையன்கள் கேட்பார்கள். நியாயமான கேள்வி.

பதில் பூமிக்கு அடியில் இருக்கிறது. பல கிணறுகளில் எண்ணெயோடு ஹைட்ரஜன் சல்பைடு என்ற அழுகிய முட்டை நாற்றமுள்ள நச்சு வாயு வரும். அது ஈரத்தோடு சேர்ந்து எஃகைத் தொட்டால் ஹைட்ரஜன் அணுக்கள் உலோகத்துக்குள்ளேயே நுழைந்துவிடும். மிதமான கடினமுள்ள எஃகு அதைப் பொறுத்துக்கொள்ளும். மிகக் கடினமான எஃகு, முன்னறிவிப்பு இல்லாமல், தாங்க வேண்டிய சுமையில் பாதிகூட இல்லாதபோதே விரிசல் விட்டு அறும். அதனால்தான் அத்தகைய கிணறுகளுக்கு எல்80 என்று தனிக் கிரேடு. வலிமையின் மேல்வரம்பு 655, ராக்வெல் சி அளவில் கடினம் 23ஐத் தாண்டக் கூடாது. இன்னும் கடுமையான கிரேடுகளில் மாதிரித் துண்டைச் சுமையோடு அந்த வாயு கரைந்த நீரில் 720 மணி நேரம் நிறுத்தி வைக்கிறார்கள். முப்பது நாள். அறாமல் வெளியே வந்தால் அந்த லாட் தேறியது. ஆலை எவ்வளவு அவசரத்தில் இருந்தாலும் இந்த முப்பது நாளைக் குறைக்க வழியில்லை. இந்தத் தொழிலில் எனக்கு மிகவும் பிடித்த சட்டம் இதுதான்.

இவ்வளவும் ஏபிஐ என்ற அமெரிக்கப் பெட்ரோலியக் கழகத்தின் 5சிடி விதிநூலில் இருக்கிறது. 1919இல் அமைந்த கழகம் 1924இல் தன் முதல் தரவிதிகளை வெளியிட்டது. ஓர் ஆலையின் குழாயில் இன்னோர் ஆலையின் கப்ளிங் ஏறாது என்ற நிலை இருந்தபோது பிறந்தவை அவை.

அடுத்தது ஒலியலைச் சோதனை. குழாய் சுழன்றபடி நகர, காதுக்கு எட்டாத ஒலி சுவருக்குள் ஓடி, குறை இருந்தால் எதிரொலிக்கும். இயந்திரம் சரியாகக் கேட்கிறதா என்று எப்படித் தெரியும்? வேண்டுமென்றே சிறு கீறல் வெட்டிய ஒரு குழாயை அதன் வழியே அனுப்புவார்கள். சுவரின் எட்டில் ஒரு பங்கு ஆழம் என்றால் இந்தக் குழாயில் 0.7 மி.மீ.கூட வராது. கடுமையான கிரேடுகளுக்கு அதிலும் பாதிக்குக் குறைவு. மணி அடிக்க வேண்டும். ஒருமுறை அடிக்காமல் போனால், கடைசியாக மணி அடித்த நேரத்துக்குப் பிறகு போன ஒவ்வொரு குழாயையும் திரும்பக் கொண்டுவந்து முதலிலிருந்து சோதிக்க வேண்டும். ராத்திரி ஷிஃப்டில் அப்படி இருநூறு குழாயைத் திரும்ப உருட்டச் சொல்வது எவருக்கும் இனிக்காது. சோதிப்பவரின் நேர்மை தெரிவது அப்போதுதான்.

நீரழுத்தச் சோதனை பார்க்கப் பயங்கரம், நேரமோ ஐந்து விநாடி. இரு முனையையும் அடைத்து, தண்ணீர் நிரப்பி, சதுர அங்குலத்துக்கு 9,600 பவுண்டுக்கு மேல் ஏற்றுகிறார்கள். நம் தலைமேல் இருக்கும் காற்றழுத்தத்தைப் போல 650 மடங்கு. முள் அசையாமல் நிற்க வேண்டும்.

இதற்கு நேர்மாறாக எளியது டிரிஃப்ட். 1,067 மி.மீ. நீளம், 59.6 மி.மீ. விட்டம் உள்ள ஓர் உருளையை ஒரு முனையில் நுழைத்து மறுமுனை வரை கொண்டுபோக வேண்டும். குழாயின் உள்விட்டம் 62. இடைவெளி இரண்டரை மில்லிமீட்டர்கூட இல்லை. உருளை போகும் சத்தத்திலேயே விஷயம் தெரிந்துவிடும். சீராக உரசிக்கொண்டு போனால் குழாய் நேர். நடுவில் சத்தம் கனத்தால் அங்கே வளைவு. கப்ளிங் அருகே நின்றுவிட்டால், முறுக்கும்போது அளவுக்கு மீறி இறுக்கியதில் முனை உள்வாங்கியிருக்கலாம். உள்ளே செதிலோ மண்ணோ இருந்தால் துடைத்துவிட்டு மறுபடி விடலாம். அப்போதும் நின்றால் தள்ளுபடி. சுத்தியலால் தட்டி அனுப்புவது மட்டும் கூடவே கூடாது. நாளைக்கு இதே வழியில்தான் கிணற்றுக்குள் கருவிகள் கம்பியில் இறங்கும். இங்கே தட்டினால் போய்விடும் ஒரு சிக்கல், இரண்டாயிரம் மீட்டர் ஆழத்தில் மாட்டிக்கொண்டால் தட்ட ஆள் இல்லை.

கடைசியாக மரை. அங்குலத்துக்கு எட்டு. வளையக் கேஜைக் கையாலேயே திருகி, எங்கே நிற்கிறது என்று பார்க்க வேண்டும். கேஜ் வெயிலில் கிடந்திருந்தால் அளவு பொய் சொல்லும், குழாயும் கேஜும் ஒரே சூட்டில் இருக்க வேண்டும். எங்கள் பகுதியில் இன்னொரு எதிரி உண்டு, உப்புக் காற்று. திருவொற்றியூர் முதல் எண்ணூர் வரை வீட்டு ஜன்னல் கம்பியையே தின்னும் காற்று இது. கடலோர யார்டில் மூடி கழன்ற குழாய் ஒரு மழைக்காலம் கிடந்தால் போதும், மரைப் பல்லில் குழி விழுந்திருக்கும். ஆலையில் அத்தனை சோதனையும் தேறிய குழாய், ஒரு பிளாஸ்டிக் மூடி இல்லாததால் கெட்டுப்போகும். இறக்கிய இடத்தில் மூடியைக் கழற்றி, கிரீஸைத் துடைத்து, மறுபடி பார்த்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட வேண்டும். சான்றிதழ் நேற்றைய நிலையைத்தான் சொல்லும்.

இனிப் பயணம் தெற்கே. காவிரிப் படுகையில் ஓஎன்ஜிசி 1985இல் நரிமணத்தில் எண்ணெய் கண்டது. அந்தப் பகுதி எண்ணெயைச் சுத்திகரிக்க 1993இல் நாகப்பட்டினத்தருகே பனங்குடியில் ஓர் ஆலை வந்தது. விம்கோ நகரிலிருந்து கூப்பிடு தூரத்தில் மணலியில் 1969 முதல் ஓடும் சுத்திகரிப்பு ஆலையும் அதுவும் ஒரே நிறுவனம் அமைத்தவை. கிணற்றடியில் குழாய்களை மேடையில் அடுக்கி ஒவ்வொன்றையும் நாடாவால் அளந்து சுண்ணக்கட்டியால் எண் போடுவார்கள். டிரிஃப்டும் மறுபடி ஒருமுறை ஓடும். பிறகு ஒன்றன் மேல் ஒன்றாக முறுக்கி இறக்குவார்கள். 2,000 மீட்டருக்குச் சுமார் 215 குழாய்கள். எடை 19 டன்னுக்கு மேல். அவ்வளவும் உச்சியில் இருக்கும் குழாயின் மரையில் தொங்கும்.

உள்ளே அதன் வாழ்க்கை சுகமானதல்ல. எண்ணெயோடு உப்புநீரும் கரியமில வாயுவும் வரும். அவை சேர்ந்து சுவரை அரிக்கும். பம்பு வைத்த கிணறானால், மேலும் கீழும் போகும் கம்பி ஒரே இடத்தில் உரசி உரசி உள்ளே வாய்க்கால் வெட்டும். விளைச்சல் குறைந்தாலோ கசிவு தெரிந்தாலோ குழாய் முழுவதையும் உருவி வெளியே எடுத்து, கழுவி, மறுபடி சோதிப்பார்கள். இப்போது பட்டைகளின் பொருள் வேறு. சுவரில் இழப்பு 15 சதவீதத்துக்குள் என்றால் மஞ்சள், 30 வரை நீலம், 50 வரை பச்சை, அதற்கு மேல் சிவப்பு. பிறந்தபோது கிரேடைச் சொன்ன சிவப்பு, முதுமையில் ‘இனி இறக்காதே’ என்று சொல்கிறது.

ட்யூபிங்குக்கு இந்த இரண்டாம் பரிசோதனை வாய்க்கிறது, வெளியே எடுக்க முடிகிறது என்பதால். அதைச் சுற்றி நிலத்தடி நீரையும் கிணற்றையும் பிரித்து நிற்கும் ‘கேசிங்’ குழாய் சிமென்டில் புதைந்தது, வெளியே வராது. கிணற்றிலிருந்து வயலுக்கடியில் ஓடும் குழாயும் அப்படித்தான். 2017 ஜூன் 30 அன்று கதிராமங்கலத்தில் அத்தகைய ஒரு குழாய் கசிந்தபோது ஊரே தெருவுக்கு வந்தது. அதற்கு நான்கு ஆண்டு முன்பு, 2013இல், தண்டையார்பேட்டையில் ஆழ்துளைக் கிணற்று நீரில் பெட்ரோல் வாடை வந்தது. துறைமுகத்திலிருந்து தெருக்களுக்கடியில் போகும் எண்ணெய்க் குழாய் ஒன்றின் கசிவு. வாடையைக் கண்டுபிடித்தது எந்தக் கருவியும் அல்ல, அங்கே குடியிருந்தவர்கள். பிறக்கும் குழாயை இத்தனை வாசலில் நிறுத்திக் கேள்வி கேட்கிற நாம், வயதான குழாயை மண்ணுக்குள் விட்டுவிட்டு மறந்துபோகிறோம். புதைந்த குழாய்க்குள் ஓடிச் சுவரை அளக்கும் கருவிகள் இருக்கின்றன. அவை கடைசியாக என்று ஓடின, எவ்வளவு சுவர் மிச்சம் என்ற விவரம் நிறுவனத்தின் அலமாரியில் மட்டும் இருந்தால் போதாது. அந்தக் குழாயின் மேல் வீடு கட்டி வாழ்கிறவர்கள் கேட்டவுடன் பார்க்கும்படி வார்டு அலுவலகத்திலும் கிராம ஊராட்சியிலும் அது இருக்க வேண்டும்.

சிவப்புப் பட்டை வாங்கிய ட்யூபிங்குக்கு இன்னும் வேலை உண்டு. கொட்டகைக் கால், வேலிக் கம்பம், கேட் சட்டம் என்று எதற்கும் ஆகும். பழைய இரும்பு விற்பவர்களுக்கு அது நல்ல சரக்கு. யார்டை விட்டு வெளியேறும் முன் ஒரு வேலை மட்டும் பாக்கி. இரு முனையிலும் மரை உள்ள பகுதியை காஸ் கட்டரால் அறுத்தெறிய வேண்டும். வார்னிஷ் அடித்து, பட்டையை மறைத்து, வேறொரு ஹீட் நம்பர் எழுதினால் அது மறுபடி புதுக் குழாய் போலவே இருக்கும். மரை இல்லாவிட்டால் எந்தக் கப்ளிங்கிலும் ஏறாது.